பிந்தி வருகிறவரைத் திருப்பி அனுப்பவும் வேண்டாம், அவருக்காக ஹாலைக் காக்கவைக்கவும் வேண்டாம்: கார்டு போட்டி நடத்துகிறவர்களுக்கு ஒரு திறந்த மடல்

ராமநாதபுரம், கீழக்கரை, மண்டபம், ராமேஸ்வரம், தொண்டி என்று நம் கடற்கரை ஊர்களில் இருவர் எதிரெதிரே உட்கார்ந்து ஆடுகிற போக்கிமான், மேஜிக் கார்டு ஆட்டங்களில் போட்டிகள் நடத்துகிற அண்ணன்மார், காக்காமார், அக்காமார், லாத்தாமார் எல்லோருக்கும் வணக்கமும் ஸலாமும்.

அடுத்த போட்டிக்கான விதிகளைப் பற்றி நீங்கள் பேசிக்கொண்டிருப்பதாகக் கேள்விப்பட்டேன். பதிவு நேரம் முடிந்ததும் கதவைச் சாத்திவிடலாம், அப்புறம் யார் வந்தாலும் திருப்பி அனுப்பிவிடலாம் என்று சிலர் சொல்கிறார்களாம். எல்லோரும் வந்து சேரட்டும், முக்கால் மணி நேரம் பொறுத்தால் என்ன குறைந்துவிடும் என்று வேறு சிலர் சொல்கிறார்களாம். இரண்டையும் நான் ஏற்கவில்லை. போட்டி சொன்ன நேரத்தில் தொடங்கவேண்டும். பிந்தி வந்தவரை உள்ளே சேர்க்கவேண்டும். பிந்தியதால் வருகிற இழப்பு அவரோடு நிற்கவேண்டும், மற்றவர்கள் தலையில் விழக்கூடாது. அந்த இழப்பு எவ்வளவு என்பது நோட்டீஸிலேயே இருக்கவேண்டும், ஆளைப் பார்த்து மாறக்கூடாது. நான் கேட்பது இவ்வளவுதான். ஆனால் இதை நடத்திக்காட்டுவதில் நிறைய நுணுக்கம் இருக்கிறது, அதனால் மடல் கொஞ்சம் நீளும்.

நான் ஆட்டக்காரர் இல்லை. போட்டி நடக்கிற இடத்தில் ஓரமாக ஒரு மேசையில் உட்கார்ந்து பெயர் எழுதுவேன், யாருக்கு யார் ஜோடி என்ற தாளைச் சுவரில் ஒட்டுவேன், ஆட்டம் முடிந்ததும் முடிவுச் சீட்டை வாங்கி வைப்பேன். பிந்தி வருகிற பிள்ளைகள் மூச்சு வாங்கிக்கொண்டு வந்து நிற்பது அந்த மேசைக்கு முன்னால்தான். அவர்கள் முகத்தைப் பார்த்துக்கொண்டே 'இல்லப்பா' என்று சொல்லவேண்டியவர்களில் நானும் ஒருவர்.

ஒரு போட்டியில் நடந்ததைச் சொல்கிறேன். எந்த ஊர், யார் நடத்தியது என்பதெல்லாம் இங்கே வேண்டாம். பதிவு ஒன்பதரைக்கு முடியும் என்று அறிவித்திருந்தார்கள். ஒன்பது ஐம்பதுக்கு ஒரு அக்காவும் தம்பியும் தீவுப் பக்கத்திலிருந்து வந்து சேர்ந்தார்கள். பாம்பன் ரோட்டுப் பாலத்தில் வண்டிகள் நகரவே இல்லை என்றார்கள். "லிஸ்ட் முடிஞ்சுபோச்சும்மா" என்று பதில் வந்தது. சரி, விதி விதிதான் என்றே வைத்துக்கொள்வோம். ஆனால் அப்போது முதல் சுற்று தொடங்கியிருக்கவே இல்லை. வெளியூரிலிருந்து பேர்பெற்ற ஆட்டக்காரர் ஒருவர் காரில் வந்துகொண்டிருந்தார், ஹால் முழுக்க அவருக்காகக் காத்திருந்தது. பத்து இருபத்தைந்துக்கு அவர் வந்தார். பெயரைச் சேர்த்தார்கள், ஜோடி போட்டார்கள், ஆட்டம் தொடங்கியது. ஒன்பது ஐம்பதுக்கு வந்த அக்காவும் தம்பியும் வாசலில் நின்று இதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அந்தப் பெண்ணின் கையில் கார்டுக் கட்டு வைக்கிற டெக் பெட்டி இருந்தது. தம்பி எதுவும் கேட்கவில்லை.

கண்டிப்பு, தாராளம் இரண்டுமே அன்று ஒரே ஹாலில் இருந்தன. கண்டிப்பு தெரியாதவர்களுக்கு, தாராளம் தெரிந்தவருக்கு. எழுதிவைத்த விதி இல்லாத இடத்தில் இதுதான் நடக்கும். நடத்துகிறவர் நல்லவராக இருந்தாலும் நடக்கும், ஏனென்றால் தெரிந்தவர் போன் செய்வார், தெரியாதவர் செய்யமாட்டார்.

'எல்லோரும் வரட்டும்' என்று பொறுப்பவர்கள் நல்ல மனசோடுதான் பொறுக்கிறார்கள். ஆனால் அந்தப் பொறுமைக்கு யார் ஈடு கொடுக்கிறார்கள் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். 32 பேர் வந்தால் சுவிஸ் முறையில், அதாவது தோற்றவரை வெளியேற்றாமல் சம வெற்றி பெற்றவர்களை ஒருவரோடு ஒருவர் ஆடவிடும் முறையில், 5 சுற்று. மூன்றுக்கு இரண்டு கேம், அதாவது மூன்று கேமில் இரண்டை ஜெயித்தவருக்கு மேட்ச், என்ற கணக்கில் ஆடினால் சுற்றுக்கு 50 நிமிடம், முடிவு எழுதி அடுத்த ஜோடி போட இன்னும் பத்து நிமிடம். காலை பத்துக்குத் தொடங்கி, சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் விட்டால் மாலை நாலுக்கு ஐந்து சுற்றும் முடியும். அதன் பிறகு முதல் எட்டுப் பேருக்குக் கால் இறுதி, அரை இறுதி, இறுதி. எல்லாம் சரியாகப் போனால் ஏழு மணி. காலையில் ஒரு மணி நேரம் பொறுத்தால் எட்டு மணி. ராமநாதபுரம் டவுனில் இருக்கிறவருக்கு ஏழும் எட்டும் ஒன்றுதான், வண்டியை எடுத்தால் வீடு. வாலிநோக்கம், மூக்கையூர், ஒப்பிலான் பக்கம் போகவேண்டிய பிள்ளைக்கு அந்த ஒரு மணி நேரத்தில் கடைசி பஸ் போய்விடும். கால் இறுதிக்குத் தேர்வான பிள்ளைகள், "அண்ணே, நான் டிராப் ஆயிக்கிறேன், பஸ்ஸுக்கு நேரமாச்சு" என்று என் மேசையில் வந்து பெயர் அடிக்கச் சொல்லியிருக்கிறார்கள். முதல் பஸ் பிடித்து நேரத்துக்கு வந்தவர்கள் அவர்கள். காலையில் யாருக்கோ காட்டிய தாராளத்துக்கான கணக்கை மாலையில் தூரத்து ஊர்ப் பிள்ளைதான் தீர்க்கிறது.

ஆகவே சொன்ன நேரத்தில் தொடங்குவது தூரத்திலிருந்து வருகிறவருக்கு நாம் காட்டுகிற மரியாதை. இதில் விட்டுக்கொடுக்க எனக்கு மனமில்லை.

அடுத்தது கதவைச் சாத்துவது. நம் மாவட்டம் எப்படிப் பரந்து கிடக்கிறது என்று உங்களுக்கு நான் சொல்லவேண்டியதில்லை. வடக்கே தொண்டி, திருப்பாலைக்குடி, தேவிபட்டினம். தெற்கே கீழக்கரை, ஏர்வாடி, சாயல்குடி. கிழக்கே உச்சிப்புளி, மண்டபம், பாம்பன், தங்கச்சிமடம், ராமேஸ்வரம். போட்டி பெரும்பாலும் ராமநாதபுரத்தில். ராமேஸ்வரத்திலிருந்து ஐம்பது கிலோமீட்டருக்கு மேல். 2022 டிசம்பரில் பழைய பாம்பன் பாலத்தில் ரயில் நின்றது. 2025 ஏப்ரலில் புதுப் பாலம் திறக்கும் வரை தீவுக்காரர்களுக்கு ரோட்டுப் பாலம் ஒன்றுதான் வழி. இப்போது ரயில் ஓடுகிறது, நல்லதுதான். ஆனாலும் காற்று பலமாக அடித்தால் பாலத்தில் ரயிலை நிறுத்தத்தான் செய்வார்கள். லீவு நாளில் சுற்றுலா வண்டிகள் ரோட்டுப் பாலத்து ஓரத்தில் நின்று கடலையும் ரயில் பாலத்தையும் வேடிக்கை பார்க்கும், பின்னால் வருகிற டவுன் பஸ் அப்படியே நிற்கும். ஆடி அமாவாசை, தை அமாவாசை என்றால் ராமேஸ்வரம் ரோடும் தேவிபட்டினம் ரோடும் என்ன ஆகும் என்று எல்லோருக்கும் தெரியும். ஏர்வாடி சந்தனக்கூடு சமயத்தில் கீழக்கரை ரோடு. இதையெல்லாம் பதினான்கு வயதுப் பிள்ளையின் ஒழுங்கீனம் என்று எழுதிவைக்கமுடியுமா?

இன்னொன்றும் சொல்லவேண்டும். போட்டியை எப்போதும் ஞாயிற்றுக்கிழமை காலையில் வைக்கிறீர்கள். தங்கச்சிமடம், பாம்பன் பக்கத்துக் கிறிஸ்தவப் பிள்ளைகளுக்கு அது பூசை நேரம். காலைப் பூசை முடித்துவிட்டு ஒன்பதரைக்குள் ராமநாதபுரம் வந்து நிற்க வழியே இல்லை. ஒவ்வொரு முறையும் ஒரே ஊர்ப் பிள்ளைகள் பிந்துகிறார்கள் என்றால் நேரம் குறித்ததில்தான் கோளாறு. பதிவைப் பத்தரைக்கு மாற்றினால் பாதிப் பிரச்சினை அங்கேயே தீர்ந்துவிடும். மாலை நீளுமே என்று கேட்பீர்கள். ஐந்து சுற்றை ஒரே கேம் மேட்சாக வைத்துச் சுற்றுக்கு 30 நிமிடம் கொடுத்தால் அந்த நேரத்துக்கு மேலேயே திரும்பக் கிடைக்கும். அல்லது சனிக்கிழமை வையுங்கள். சனிக்கிழமை விசைப்படகு கடலுக்குப் போகிற நாள்தான். ஆனால் படகுக்குப் போகிறவர்கள் பெரியவர்கள், பிள்ளைகள் வரலாம். மீன்பிடித் தடைக்காலமான ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை பள்ளி லீவும் சேர்ந்து வருகிறது. அந்த இரண்டு மாதத்தில் அப்பாமாரே பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வருவார்கள்.

விதிக்கு வருகிறேன். பிந்தி வருவது நம் ஊரில் மட்டும் முளைத்த பிரச்சினை இல்லை. மற்ற ஆட்டங்கள் இதை யோசித்து எழுதிவைத்திருக்கின்றன.

சதுரங்கத்தை எடுத்துக்கொள்ளுங்கள். எத்தனை நிமிடம் வரை பிந்தலாம் என்பதைப் போட்டி நடத்துகிறவர் முன்கூட்டியே அறிவிக்கவேண்டும் என்கிறது உலகச் சதுரங்கக் கூட்டமைப்பான ஃபிடேயின் விதி. அறிவிக்காவிட்டால் அது பூஜ்யம் நிமிடம். அந்த நேரத்துக்குப் பிறகு பலகைக்கு வந்தவர் அந்த ஆட்டத்தில் தோற்றவர், நடுவர் வேறு விதமாக முடிவு செய்தால் தவிர. கடுமையான விதிதான். ஆனால் கவனியுங்கள், அறிவிக்கிற கடமை நடத்துகிறவர் மேல் இருக்கிறது. இழப்பும் அந்த ஓர் ஆட்டத்துக்குத்தான். அடுத்த சுற்றுக்கு அவர் வந்து உட்காரலாம்.

மேஜிக்கின் பெரிய போட்டிகளில் சுற்று தொடங்கும்போது இருக்கையில் இல்லாதவருக்கு ஒரு கேம் தோல்வி. பத்து நிமிடம் தாண்டினால் மேட்ச் தோல்வி, அதோடு போட்டியிலிருந்தும் பெயர் எடுக்கப்படும். ஆனால் அந்தச் சுற்று முடிவதற்குள் தலைமை நடுவரிடம் வந்து சொல்லிவிட்டால் பெயர் நிற்கும், அடுத்த சுற்றில் ஆடலாம். வராமலே போய்விட்டவரையும் ஓடிவந்து சேர்ந்தவரையும் இந்த விதி பிரித்துப் பார்க்கிறது. நமக்கு வேண்டியது இதுதான். இதே விதியில் இன்னொரு நல்ல பகுதி உண்டு. எல்லோரும் சீக்கிரம் முடித்துவிட்டதால் அடுத்த சுற்றை முன்னதாகத் தொடங்கினால், முன்பு குறித்த நேரம் வரும் வரை யாரையும் பிந்தியவராகக் கொள்ளக்கூடாது.

இந்தக் கடைசிப் பகுதி நமக்கு மிகவும் தேவை. மூன்றாவது சுற்று சீக்கிரம் முடிகிறது, யாரோ ஒருவர் "அடுத்தது போட்டுருவோம்" என்கிறார், உடனே தாளை ஒட்டிவிடுகிறோம். லுஹர் தொழுகைக்குப் போன பிள்ளை, சொன்ன நேரத்துக்குச் சரியாகத் திரும்பி வந்து, தனக்கு ஒரு கேம் போய்விட்டது என்று தெரிந்துகொள்கிறது. இது அநியாயம். மதியச் சாப்பாட்டு இடைவேளையைத் தொழுகை நேரத்தோடு சேர்த்தே வையுங்கள், அது முடிகிற நேரத்தைச் சுவரில் எழுதிப் போடுங்கள். அதற்கு மேல் யார் வராவிட்டாலும் விதியைத் தயங்காமல் போடலாம். மதியத்துக்கு மேல் எல்லோரும் ஊருக்குள்ளேதான் இருக்கிறோம். பிரியாணிக் கடையில் கூட்டம் என்ற காரணம் பாலத்தில் பஸ் நின்ற காரணத்துக்குச் சமமாகாது.

பிரிட்ஜ் என்ற சீட்டாட்டத்தில் இதைவிட நுட்பமான யோசனை ஒன்று இருக்கிறது. சீட்டு என்றாலே முகம் சுளிக்கிற பெற்றோர் நம் ஊரில் நிறையப் பேர். அவர்களுக்கு ஒன்று சொல்லலாம்: 2018 ஜகார்த்தா ஆசிய விளையாட்டுப் போட்டியில் பிரிட்ஜில் இந்தியாவுக்குத் தங்கம் கிடைத்தது. பிரணாப் பர்தன், ஷிப்நாத் சர்க்கார் ஜோடி வாங்கியது. அந்த ஆட்டத்தின் சட்டத்தில், குறித்த நேரத்துக்குப் பிறகு வருவது நடுவர் தண்டனை கொடுக்கக்கூடிய தவறுகளில் ஒன்றாகவே எழுதப்பட்டிருக்கிறது. ஓர் ஆட்டத்தை ஆடமுடியாமல் போனால் மதிப்பெண்ணை எப்படிப் போடுவது என்பதற்கும் வழி உண்டு. தவறு நேரடியாக யார் மேல் இருக்கிறதோ அவருக்கு அதிகபட்சம் 40 சதவீதம். ஓரளவு தவறு இருந்தால் 50. எந்தத் தவறும் செய்யாதவருக்குக் குறைந்தது 60.

இதில் எனக்குப் பிடித்தது எதிரே உட்கார்ந்து காத்திருந்தவரையும் கணக்கில் எடுத்துக்கொள்வது. நாம் பிந்தியவருக்கு என்ன தண்டனை என்று மட்டும் பேசுகிறோம். அவருக்கு ஜோடியாகப் போடப்பட்ட பிள்ளை பத்து நிமிடம் வெறும் மேசையைப் பார்த்துக்கொண்டிருக்கிறது, அப்புறம் 'நீ ஜெயிச்சுட்டே' என்கிறோம். அதற்கு அதில் சந்தோஷம் இல்லை. கட்டணம் கட்டியது ஆடுவதற்கு. கீழக்கரையிலிருந்து வருகிற ஒரு பையனுக்கு அவன் வாப்பா துபாயிலிருந்து வரும்போதெல்லாம் பெட்டியில் கார்டு கொண்டுவருவார். ஊரில் அவனோடு ஆட ஆள் இல்லை. போட்டி நாள்தான் அவனுக்கு ஆட்ட நாள். அவனுக்கு ஒரு சுற்று சும்மா போவது எவ்வளவு பெரிய இழப்பு என்று நினைத்துப் பாருங்கள்.

அதனால் என் யோசனை இது. "பஸ்ஸில் இருக்கேன் காக்கா, நேரத்துக்குள்ள வரமுடியாது" என்று பிள்ளை போன் செய்தாலோ வாட்ஸ்அப்பில் சொன்னாலோ, அந்தப் பெயரை முதல் சுற்று ஜோடியில் போடவே வேண்டாம். முதல் சுற்றுத் தோல்வியோடு பட்டியலில் வைத்துக்கொள்ளுங்கள், இரண்டாவது சுற்றில் இறக்குங்கள். எதிரே யாரும் வெறுமனே உட்காரவேண்டாம். வந்திருப்பவர்கள் எண்ணிக்கை ஒற்றைப்படையாக இருந்தால் வழக்கம் போல ஒருவருக்கு 'பை', அதாவது எதிராளி இல்லாமலே அந்தச் சுற்றில் வெற்றி, கிடைக்கும். பை கிடைத்தவரோடு பிந்தி வந்தவரை ஆடவைக்கலாமே என்று சிலர் கேட்கிறார்கள். பை என்று தாளில் ஒட்டிய பிறகு அதைப் பிடுங்கக்கூடாது. அவர் கைக்கு வந்த வெற்றியை இன்னொருவர் பிந்தியதற்காகப் பறிப்பதில் நியாயம் இல்லை. அவராகவே "நான் ஆடுறேன்" என்றால் சிநேகத்துக்கு ஒரு கேம் ஆடட்டும், கணக்கில் வேண்டாம்.

போன் செய்யாமல் வருகிறவர் ஜோடியில் இருப்பார். அவருக்குப் பத்து நிமிட விதி. இங்கே ஓர் எச்சரிக்கை. மேஜிக் விதியை அப்படியே காப்பி அடித்தால் நம் போட்டிகளில் தப்பாகிவிடும். மூன்றுக்கு இரண்டு என்று ஆடும்போது ஒரு கேம் தோற்றாலும் மீதி இரண்டை ஜெயித்து மேட்சை எடுக்கலாம். ஒரே கேம் மேட்சில் கேம் தோல்வி என்றால் மேட்சே போய்விட்டது. ஆகவே ஒரே கேம் சுற்றுகளில் முதல் ஐந்து நிமிடம் தண்டனை ஏதும் வேண்டாம். போன நேரம் போனதுதான், கூடுதல் நேரம் கொடுக்கவேண்டாம், அவ்வளவே. ஐந்து தாண்டினால் அந்தச் சுற்று தோல்வி.

முதல் சுற்றை இழந்தவருக்குப் போட்டி முடிந்துவிட்டதா? நாக் அவுட் என்றால் முடிந்துவிட்டது. அதனால்தான் காலையில் நாக் அவுட் வைக்கவே வேண்டாம் என்கிறேன். 1895இல் ஜூரிச் நகரத்துச் சதுரங்கப் போட்டி ஒன்றில் தொடங்கிய சுவிஸ் முறையின் பெருமையே தோற்றவரும் கடைசி வரை ஆடுவதுதான். 32 பேர், 5 சுற்று, சமன் ஏதும் இல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். ஐந்தும் ஜெயித்தவர் 1. நாலு ஜெயித்தவர் 5. மூன்று ஜெயித்தவர் 10. முதல் எட்டு இடத்தில் முதல் ஆறு போக மீதி இரண்டு இடம் அந்தப் பத்துப் பேரில் டை பிரேக்கில், அதாவது சம வெற்றி பெற்றவர்களை வரிசைப்படுத்தும் கணக்கில், முந்தியவர்களுக்கு. அதாவது முதல் சுற்றை இழந்தவர் மீதி நாலையும் ஜெயித்தால் கால் இறுதி உறுதி. இன்னொன்றை இழந்தால் சிரமம். 31 பேர் நேரத்துக்கு வந்து ஒருவர் பிந்தினாலும் கணக்கு மாறாது, நேரத்துக்கு வந்தவரில் ஒருவருக்குப் பை, பிந்தியவருக்குத் தோல்வி. இது அளவான தண்டனை. வலிக்கும், ஆனால் ஆளை வெளியே தள்ளாது.

இதை எதிர்ப்பவர்கள் சொல்கிற ஒரு வாதத்தை நான் மதிக்கிறேன். கெட்டிக்காரர் ஒருவர் பிந்தி வந்து, முதல் சுற்றை இழந்து, இரண்டாவது சுற்றில் தோற்றவர்கள் பக்கம் வந்து இறங்குகிறார். அங்கே முதல் ஆட்டத்தைத் தோற்றுவிட்டு உட்கார்ந்திருக்கிற புதுப் பிள்ளை அவரிடம் சிக்குகிறது. அவருக்கு எளிய வழி, அந்தப் பிள்ளைக்கு இரண்டாவது அடி. சதுரங்கத்தில் வேண்டுமென்றே முதலில் புள்ளியை விட்டுவிட்டு எளிய எதிராளிகளோடு மேலே ஏறுவதற்கு சுவிஸ் கேம்பிட் என்றே பெயர் இருக்கிறது. ஆனால் இதற்கான மருந்து முறைக்குள்ளேயே இருக்கிறது. டை பிரேக்கில் முதலில் பார்ப்பது நம் எதிராளிகள் எத்தனை சதவீதம் ஜெயித்தார்கள் என்பது. கீழ்ப் பக்கத்து எதிராளிகளோடு ஏறியவருக்கு அந்த எண் குறைவாகத்தான் வரும். சம புள்ளியில் நின்றால் அவர்தான் பின்னால் போவார். அதற்கு மேல் தண்டனை சேர்க்க வேண்டாம்.

ஆனால் ஓர் எல்லை வேண்டும். இரண்டு சுற்றும் போன பிறகு வருகிறவரைச் சேர்க்கவேண்டாம். கால் இறுதிக்கு அவருக்கு வாய்ப்பு மிகக் குறைவு, கீழே இருக்கிற பிள்ளைகளின் ஆட்டத்தைத்தான் கெடுப்பார். கட்டணத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, ஓரத்தில் ஒரு மேசையைக் கொடுங்கள், வந்த பிள்ளை ஆடிவிட்டுப் போகட்டும். ஆடவும் விடாமல் பணத்தையும் வைத்துக்கொள்வது சில இடங்களில் நடக்கிறது. அதை மட்டும் யாரும் செய்யாதீர்கள்.

காரணம் கேட்கலாமா என்பது பெரிய கேள்வி. பிரிட்ஜ் சட்டம் தவறை அளக்கிறது என்றேன். அங்கே அனுபவமுள்ள நடுவர்கள் இருக்கிறார்கள். நம் மேசையில் உட்கார்ந்திருப்பது கல்லூரிப் பையன்கள். "ஏன் லேட்டு?" என்று கேட்கத் தொடங்கினால், நன்றாகப் பேசத் தெரிந்தவர் தப்பிப்பார், பேசத் தெரியாத பிள்ளை மாட்டும். வாசலில் நின்ற அந்தத் தம்பி மாதிரி எதுவும் கேட்காமல் திரும்பிப்போகிறவர்கள்தான் அதிகம். ஆகவே காரணம் கேட்கவேண்டாம். பாலமானாலும் சரி, தூங்கிவிட்டாலும் சரி, இழப்பு ஒன்றே. காரணம் கேட்காததால்தான் அந்த இழப்பு அளவாக இருக்கவேண்டும் என்கிறேன். கதவைச் சாத்துகிற அளவுக்குக் கடுமையாக வைத்தால், காரணம் கேட்காமல் இருக்க மனசு கேட்காது, அங்கேதான் வேண்டியவர் வேண்டாதவர் பேச்சு நுழைகிறது.

இரண்டே விலக்கு. முதலாவது, தவறு நம்முடையதாக இருந்தால். முந்தின நாள் ராத்திரி ஹாலை மாற்றிவிட்டுக் காலையில் குரூப்பில் போட்டோம் என்றால், பழைய ஹாலுக்குப் போய்விட்டு வந்த பிள்ளைக்கு எந்த இழப்பும் வரக்கூடாது. அந்த மேட்சுக்குக் கூடுதல் நேரம் கொடுத்து முழுதாக ஆடவிடுங்கள். இரண்டாவது, ஊருக்கே தெரிந்த தடை. காற்றினால் ரயில் நின்றது, ரோடு மறியல், வடகிழக்குப் பருவமழையில் ரோட்டில் தண்ணீர் என்று பெயர் கொடுத்தவர்களில் கால்வாசிப் பேருக்கு மேல் மாட்டிக்கொண்டிருந்தால், தொடக்கத்தை எல்லோருக்கும் தள்ளிவையுங்கள். எவ்வளவு என்பதை அப்போதே சொல்லிவிடுங்கள், அரை மணி என்றால் அரை மணி. 'இதோ, இதோ' என்று நீட்டுவதுதான் நேரத்துக்கு வந்தவர்களை அதிகம் வதைக்கிறது. அப்படித் தள்ளினால் ஒரு சுற்றைக் குறைத்தாவது மாலை பஸ்ஸைக் காப்பாற்றுங்கள்.

இந்த முடிவுகளை எடுப்பவர் ஒரே தலைமை நடுவராக இருக்கவேண்டும். அன்றைக்கு அவர் ஆடக்கூடாது, ஆடுகிறவர்களில் அவர் வீட்டுப் பிள்ளை இருந்தால் அந்தப் பிள்ளை சம்பந்தப்பட்ட முடிவை வேறொருவர் எடுக்கட்டும். பரிசு கொடுக்கிறவர், ஹால் கொடுக்கிறவர், விருந்தினர் யாரும் கடிகாரத்தில் தலையிடக்கூடாது. குத்துவிளக்கு ஏற்றி வைக்க ஒருவர் வரவேண்டும் என்றால் அதை மதிய இடைவேளைக்கு வையுங்கள். சிறப்பு விருந்தினர் வரவில்லை என்று முதல் சுற்றை நிறுத்திவைத்துவிட்டு, பிள்ளைகளிடம் நேரத்தைப் பற்றி எந்த முகத்தோடு பேசுவது?

பேர்பெற்ற ஆட்டக்காரர்கள் வருவதால் போட்டிக்குக் கூட்டம் வருகிறது என்பது உண்மை. அவர்கள் வந்து நம் பிள்ளைகளோடு ஆடுவது எனக்கும் சந்தோஷம்தான். அவர்களிடம் நேராகச் சொல்லுங்கள்: "அண்ணே, சொன்ன நேரத்துக்குத் தொடங்கிடுவோம், நீங்க பிந்தினா முதல் ரவுண்டு போயிடும், ரெண்டாவதுலேருந்து ஆடலாம்." நல்ல ஆட்டக்காரர் இதைக் கேட்டுக் கோபப்படமாட்டார். பெரிய போட்டிகளில் ஆடியவருக்கு இதைவிடக் கடுமையான விதி பழக்கமாகியிருக்கும்.

நோட்டீஸில் என்ன எழுதுவது என்று கேட்டால், நான் இப்படி எழுதுவேன்: பதிவு பத்தரை வரை. ஜோடி பத்தே முக்காலுக்கு. முதல் சுற்று பதினொன்றுக்கு, யாருக்காகவும் தள்ளிப்போகாது. பிந்துவோம் என்று தெரிந்தால் பத்தே முக்காலுக்குள் இந்த எண்ணுக்குச் சொல்லுங்கள், முதல் சுற்றுத் தோல்வியோடு இரண்டாவது சுற்றில் சேரலாம். சொல்லாமல் பிந்தினால் ஐந்து நிமிடம் வரை ஆடலாம், அதற்கு மேல் அந்தச் சுற்று தோல்வி. இரண்டாவது சுற்றும் போன பிறகு வந்தால் கட்டணம் திருப்பித் தரப்படும். இது ஒரே கேம் மேட்சுக்கு. மூன்றுக்கு இரண்டு ஆடினால் பத்து நிமிட விதியைப் போட்டுக்கொள்ளுங்கள். தமிழில், பெரிய எழுத்தில், வாட்ஸ்அப் குரூப்பிலும் ஹால் வாசலிலும் இருக்கவேண்டும். கூட வருகிற அம்மாக்களும் உம்மாக்களும் படித்துவிட்டு உள்ளே வரட்டும்.

பத்து வயதுக்குக் கீழ் உள்ள பிள்ளைகளுக்கும் இதே விதியா என்று ஒரு லாத்தா கேட்டார். அவர்களைத் தனிப் பிரிவாக வையுங்கள், அங்கே முதல் சுற்றில் மட்டும் பதினைந்து நிமிடம் வரை விட்டுப்பிடிக்கலாம். அந்த வயதில் பஸ் பிடிப்பது பிள்ளை கையில் இல்லை, பெரியவர்கள் கையில் இருக்கிறது. ஆனால் அந்தப் பதினைந்தும் நோட்டீஸில் இருக்கவேண்டும்.

நோட்டீஸ் அச்சுக்குப் போகுமுன் ஒரு தடவை எல்லா ஊர்க்காரர்களும் சேர்ந்து இதைப் பேசிவிடுங்கள். தங்கச்சிமடத்திலிருந்தும் சாயல்குடிப் பக்கத்திலிருந்தும் ஆளுக்கு ஒருவரையாவது அந்தப் பேச்சுக்குக் கூப்பிடுங்கள், பஸ் நேரம் அவர்களுக்குத்தான் தெரியும். பிந்தி வருகிறவர்களுக்கான போன் எண்ணைக் காலை ஏழிலிருந்து நான் கையில் வைத்துக்கொள்கிறேன், யார் எத்தனை மணிக்குச் சொன்னார்கள் என்று நோட்டில் எழுதி எல்லோரும் பார்க்கிற மாதிரி மேசையில் வைக்கிறேன். அந்த அக்காவின் பெயரும் தம்பியின் பெயரும் பழைய பதிவுத் தாளில் அடித்தபடி இருக்கின்றன, அவர்கள் வீட்டு எண்ணும் இருக்கிறது. விதி முடிவானதும் முதல் ஆளாக அவர்களுக்கு நானே போன் செய்து நேரத்தைச் சொல்கிறேன்.

இப்படிக்கு,
பதிவு மேசையிலிருந்து,
உச்சிப்புளி